மூணு சாமியும் ஒரு டி-ஷர்ட்டும்!

ஈரோட்டில் பாசஞ்சர் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, கையிலிருக்கும் கடலைப் பொட்டலம் தீர்வதற்குள் கொடுமுடி வந்துவிடும். வழியெல்லாம் மஞ்சள், கரும்பு, வாழை. தென்னை இடுக்கில் கண்ணாமூச்சி காட்டும் காவிரி. ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கோயில். கோயிலை ஒட்டிப் படித்துறை. அவ்வளவுதான் எங்க ஊர்!

'இந்தச் சின்ன ஊருக்கும் உலக வறுமைக்கும் என்ன பாஸ் சம்பந்தம்?' என்கிறீர்களா? அதைக் கேட்டுத்தான் என் க்ளாஸ்மேட் ஒருத்தன் என் மானத்தை வாங்கினான்.

நான் கோவையில் கெமிக்கல் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். போன செமஸ்டரில் காலேஜ் பட்டிமன்றம். தலைப்பு, 'உலக வறுமையைக் குறைப்பதில் பன்னாட்டு நிறுவனங்களின் பங்கு பெரிதா, இல்லையா?' நான் 'பெரிதே' அணி. "1990-ல் உலகத்தில் பத்துக்கு நாலு பேர் கடும் வறுமையில் இருந்தார்கள். இன்றைக்குப் பத்துக்கு ஒருத்தர்தான்!" என்று உலக வங்கிக் கணக்கை எடுத்து விட்டேன். செம கைதட்டல்! எதிரணியில் எழுந்தவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "உங்க கொடுமுடிக்கு எந்த எம்.என்.சி. வந்து யார் வறுமையைத் தீர்த்துச்சு?"

ம்ஹூம்... பதில் வரலை. அடுத்த லீவில் பேடும் பேனாவுமாகச் சொந்த ஊருக்கே நிருபராக ஜூட்!

மூணு சாமி, ஒரே கோயில்

மகுடேஸ்வரர் கோயிலுக்கு வந்தால் மூணு சாமியையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். சிவனுக்கு ஒரு சந்நிதி, வீரநாராயணப் பெருமாளுக்கு ஒரு சந்நிதி, வன்னி மரத்தடியில் பிரம்மா. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூணு பேரும் பாடிய தலம். ஆடிப் பதினெட்டுக்கு வந்தால் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. பங்குனி உத்திரத்துக்குப் பழநி போகிறவர்கள் இங்கே வந்து தீர்த்தக்குடம் நிரப்பிக்கொண்டு நடப்பார்கள்.

இன்னொரு பெருமையும் உண்டு. கே.பி.எஸ். என்பதில் வரும் 'கே' கொடுமுடிதான்! 1908-ல் இங்கே பிறந்த சுந்தராம்பாள், சின்ன வயதில் வறுமையால் ரயிலில் பாடியதாகச் சொல்வார்கள். அதே பொண்ணு 1935-ல் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் வாங்கினார். சரி, அவருக்குக் குரல் இருந்தது. குரல் இல்லாத மத்தவங்க வறுமையிலிருந்து எந்த ரயிலில் ஏறுவாங்க?

ஒரு ரூபாய் ஷாம்பூ

கோயில் பக்கத்து மளிகைக் கடையில் தோரணமாகத் தொங்குகின்றன ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் பாக்கெட்கள். ஷாம்பூ, காபித் தூள், சோப்புத் தூள். பாதிக்கு மேல் பன்னாட்டுக் கம்பெனிச் சரக்கு. அட, எம்.என்.சி. கொடுமுடிக்கு எப்பவோ வந்தாச்சே!

இதைத்தான் பெரிய தத்துவமாகச் சொன்னார் நம்ம கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர். சி.கே.பிரகலாத். 1941-ல் கோவையில் பிறந்து, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர். 2004-ல் வந்த அவருடைய புத்தகம் உலகப் பிரபலம். 'ஏழைகளைப் பாவப்பட்டவர்களாகப் பார்க்காதே, வாடிக்கையாளராகப் பார். அவங்களுக்குத் தகுந்த விலையில் பொருள் செய். கம்பெனிக்கு லாபம், ஏழைக்கும் விடிவு' என்பதுதான் சாரம். ஆனால் பாக்கெட் ஷாம்பூவை முதலில் பிரபலமாக்கியது பன்னாட்டுக் கம்பெனி இல்லை. கடலூரிலிருந்து கிளம்பிய வெல்வெட், சிக் ஷாம்பூக்கள். பெரிய கைகள் பின்னாலதான் வந்தன!

பிரகலாத்துக்கு எதிர்ப்பு அதே பல்கலைக்கழகத்திலேயே கிளம்பியது. அனில் கர்னானி என்ற பேராசிரியர், 'ஏழைகிட்ட விற்பதால் ஏழ்மை போகாது. ஏழை செய்யும் பொருளை, ஏழையின் உழைப்பை வாங்கு. அவன் வருமானம் ஏறணும்' என்றார்.

கடைக்கார அண்ணனிடம் இந்தச் சண்டையைச் சொன்னேன். "ஷாம்பூ வாங்கறதுக்கு ஒரு ரூபா வேணுமல்லங் தம்பி? அது எங்கிருந்து வருதுங்?" என்றார். கர்னானி கட்சி!

ஒன்றரை ஷிஃப்ட்

அந்த ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது? எங்கள் வீட்டுக்கு அது காலை ஏழு மணி வேனில் வருகிறது.

அப்பாவுக்குக் கரும்பு வெட்டுக் கூலி. வருஷத்தில் பாதி நாள்தான் வேலை. அம்மா, காங்கயம் ரோட்டில் இருக்கும் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றின் கிளை அது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது கைமடியாகச் சேர்ந்தார். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்து, மடித்துப் போடும் வேலை. அப்புறம் செக்கிங். அப்புறம் பவர் டேபிள். இப்போது ஒரு ஷிஃப்ட்டுக்கு நானூத்திச் சொச்சம். ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிஃப்ட்; வீடு வர ராத்திரி ஒன்பது தாண்டும்.

திருப்பூர் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1978-ல் இத்தாலி வியாபாரி ஒருவர் மும்பை ஏஜென்ட்கள் மூலமாக வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார். 1981-ல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியக் கடை நிறுவனம் வந்தது. 1985-ல் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2024-25-ல் 40,000 கோடியைத் தொட்டது. இதில் ஒரு விஷயம் கவனிங்க. ஆர்டர் கொடுக்கும் கம்பெனி இங்கே மெஷின் போடுவதில்லை, சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதில்லை. அது லேபிள் மட்டும்தான் அனுப்பும். அதனால்தான் பட்டிமன்றத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எங்க ஊருக்கு வந்த எம்.என்.சி. ஒரு லேபிள் வடிவத்தில் வந்தது!

ராத்திரி அம்மா வந்ததும் பேட்டி.

"ஏம்மா, கம்பெனிக்குப் போனதால என்ன மாறுச்சு?"

"என்னத்தக் கண்ணு சொல்றது... முன்னெல்லாம் கைச்செலவுக்கு உங்கப்பன்கிட்ட கேக்கோணும். இப்ப என் பேர்ல பி.எஃப். இருக்குது. உன்னய காலேஜ் அனுப்பியிருக்கறேன். வேறென்ன வேணும்?"

அப்போது நான் போட்டிருந்தது, தையல் கொஞ்சம் விலகியதால் கம்பெனியில் கழித்த 'செகண்ட்ஸ்' டி-ஷர்ட். அதே டிசைனை அந்த பிராண்டின் வெப்சைட்டில் தேடி விலையைப் பார்த்தேன். அம்மாவின் மூணு நாள் சம்பளம்! சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லிவிட்டேன்.

கோபம் வரும் என்று நினைத்தேன். அம்மா முகமெல்லாம் சிரிப்பு. "அவ்ளோ வெலைக்கா போகுது? அப்ப நாங்க நல்லாத்தான் தெக்கறோம்!"

எனக்குத்தான் சாப்பாடு இறங்கலை.

மாமா வீட்டுக் கிணறு

மறுநாள் மாமாவைப் பார்க்க முத்தூர் பக்கம் கிளம்பினேன். அம்மாவின் அண்ணன். நொய்யல் கரையோரம் ரெண்டு ஏக்கர் தோட்டம். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூரைத் தாண்டி, கொடுமுடிக்குத் தெற்கே நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் கலக்கிறது. அதாவது, அம்மா தைக்கிற துணிக்குத் திருப்பூரில் சாயம் போட்ட தண்ணி, ஒரு காலத்தில் மாமா தோட்டத்தைத் தொட்டுக்கொண்டு எங்க ஊர்ப் பக்கமே வந்து சேர்ந்தது.

கிணற்றைக் காட்டினார் மாமா. "1992-ல ஒரத்துப்பாளையத்துல டேம் கட்டுனாங்க மாப்ளே. பாசனம் வரும்னு அத்தனை சந்தோசம். வந்தது சாயத் தண்ணி! தேங்கி நின்ன தண்ணி கெணத்துல எல்லாம் எறங்கிருச்சு. ஊர்ல எங்கியாவது டேமைத் தொறக்காதீங்கன்னு வெவசாயி கெஞ்சுவானா? நாங்க கெஞ்சுனோம்."

இங்கே என் பாடப் புத்தகம் உதவிக்கு வந்தது. பருத்தியில் சாயம் ஒட்ட, கிலோ கணக்கில் உப்பு போடணும். துணி சாயத்தைத்தான் எடுத்துக்கொள்ளும், உப்பை எடுக்காது. கழிவு நீரில் கலரை நீக்குவது ஓரளவு சுலபம். கரைந்த உப்பு அப்படியே நிற்கும். தண்ணி பார்க்கத் தெளிவாக இருக்கும், பயிர் கருகும். உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. வேணும். அதில் மிஞ்சும் கெட்டி உப்பு நீரைக் காய்ச்சி வற்றவைக்க எவாப்பரேட்டர் வேணும். கரன்ட், விறகு, நிலக்கரி... எல்லாமே காசு!

அந்தக் காசை யார் கொடுப்பது என்பதுதான் சண்டை. நொய்யல் பாசன விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவு நீரும் வெளியே வரக் கூடாது என்ற உத்தரவு நிறைவேறாததால், 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மொத்தத்தையும் மூடச் சொன்னது. 700-க்கும் மேல்!

அன்னிக்கு மாமா தோட்டத்தில் பொங்கல் வைத்தார்கள். எங்கள் வீட்டிலோ, சாயம் போட்ட துணி இல்லாமல் கம்பெனி நின்று போய், அம்மாவுக்கு வேன் வரவில்லை. எனக்கு அப்போ அஞ்சு வயசு.

"உங்கம்மா எங்கூடப் பேச்சை நிறுத்திருச்சு. நான் ஒரு மூட்டை அரிசியை எடுத்துட்டுக் கொடுமுடிக்கு வந்தேன். அரிசியை எறக்கி வெச்சுது, மொகத்தைப் பாக்கலே. 'அம்மிணி, நான் உன் சோத்துல மண்ணு போடோணும்னு கேஸு போடலே'ன்னேன். 'தெரியுதுங்ணா, ஆனா பையனுக்கு பீஸ் கட்டோணுமே'ன்னுச்சு." மாமா கிணற்றைப் பார்த்தபடியே சொன்னார்.

ரெண்டு பேர் மேலும் தப்பு இல்லை. அப்போ யார் மேல?

பட்டறைகள் பிறகு கழிவு நீரைச் சுத்தம் செய்து திரும்ப உபயோகிக்கும் முறைக்கு மாறித்தான் திறந்தன. சாயக் கூலி ஏறியது. ஏற்றுமதி செத்துவிடும் என்று பயந்தார்கள். சாகவில்லை, பல மடங்கு வளர்ந்தது. மாமா கிணறு மட்டும் இன்னும் முழுசாக மாறவில்லை. இப்போதும் தென்னை மட்டும்தான்.

காக்கிறது யாரு?

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. வங்கதேசத்தில் ஏறக்குறைய 40 லட்சம் பேருக்கு, அதிலும் பெரும்பாலும் பெண்களுக்கு, வேலை கொடுத்தது இதே பிராண்ட் ஆர்டர்கள்தான். 2013 ஏப்ரல் 24-ல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்ததும் அதே ஆர்டர்களுக்காக ஓடிய மெஷின்களுக்கு நடுவில்தான். அதற்குப் பிறகுதான் கட்டடப் பாதுகாப்புக்கு பிராண்ட்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வந்தது. நம்ம பக்கம், 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம். ஆலையில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க, பெண்கள் நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று போராடி, எச் அண்ட் எம், கேப் போன்ற கம்பெனிகளிடம் கையெழுத்து வாங்கியது.

எந்த நல்லதும் தானாக வரவில்லை, கேட்டதால் வந்தது. கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா நம் சரக்கு மேல் போட்ட வரி 50 சதவிகிதம் ஆனது. வாஷிங்டனில் போட்ட கையெழுத்துக்குக் கொடுமுடியில் ஒன்றரை ஷிஃப்ட் ஒரு ஷிஃப்ட் ஆனது. "பையர் டிஸ்கவுன்ட் கேக்கறானாமா" என்று அம்மா சொன்னபோது, அந்த இங்கிலீஷ் வார்த்தை அம்மா வாயில் புதுசு. என் செமஸ்டர் ஃபீஸுக்கு அம்மாவின் வளையல் பேங்குக்குப் போனது.

கிளம்புகிற அன்னிக்குக் காலையில் கோயிலுக்குப் போனேன். படைக்கிறவர், காக்கிறவர், அழிக்கிறவர் மூணு பேரும் ஒரே காம்பவுண்டில். அப்போதுதான் பளிச்சென்று பிடிபட்டது. இந்தப் பெரிய கம்பெனிகளுக்குப் படைக்கத் தெரியும், அம்மாவின் பி.எஃப். நம்பரும் என் காலேஜ் ஐ.டி. கார்டும் சாட்சி. அழிக்கவும் தெரியும், மாமா கிணறு சாட்சி. காக்கிற வேலைக்கு மட்டும் வெளியிலிருந்து ஆள் வரணும். கோர்ட், சட்டம், சங்கம், கேஸ் போட்ட மாமாக்கள்... நாளைக்கு எவாப்பரேட்டரைக் குறைந்த செலவில் ஓடவைக்கிற ஏதாவது ஒரு கெமிக்கல் இன்ஜினீயர்!

நண்பா, உன் கேள்விக்குப் பதில் கிடைச்சாச்சு. பெரிய பங்குதான்... ஆனா மூணில் ஒரு பங்கு.

ஏழு மணிக்கு வேன் ஹாரன். அம்மா தூக்குப்போசியோடு ஓடினார். ஏறும்போது திரும்பி, "மாமா ஊட்டுக்குப் போனியாமா? கெணத்துத் தண்ணி எப்பிடிக் கண்ணு இருக்குது?" என்றார்.

"கொஞ்சம் பரவால்லம்மா" என்றேன்.

வேன் கிளம்பிவிட்டது.