கோப்பையை எண்ணாத தரச்சான்று

இங்கிலாந்தில் ஒரு ஊர் கிரிக்கெட் கிளப் நல்ல கிளப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஜெயித்த கோப்பைகளை எண்ணியா? ஸ்போர்ட் இங்கிலாந்து அமைப்பு 2002ல் கொண்டுவந்த 'கிளப்மார்க்' தரச்சான்று கோப்பையைப் பற்றிக் கேட்கவே இல்லை! கிரிக்கெட்டுக்கான கிளப்மார்க்கில் பார்த்தது நான்கு விஷயங்கள்: சிறுவர் பாதுகாப்பு, பயிற்சித் திட்டம், ஊர் மக்களோடு உள்ள உறவு, நிர்வாகம்.

அதாவது, பிள்ளைகளுக்குப் பயிற்சி தருபவருக்குக் குற்றப் பின்னணி உண்டா என்று சரிபார்த்திருக்க வேண்டும். பாதுகாப்பைக் கவனிக்கத் தனியாக ஒருவர் வேண்டும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் விதிகளும் இருக்கின்றன. உதாரணமாக, 13 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும் அதற்குக் கீழ்ப் பிரிவுகளிலும் உள்ள பிள்ளைகள் பேட்ஸ்மேனின் நடு ஸ்டம்பிலிருந்து 11 கஜத்துக்குள் ஃபீல்டிங் நிற்கக்கூடாது. ஆஃப் சைடில் விக்கெட்டுக்குப் பின்னால் மட்டும் விலக்கு.

இதற்கெல்லாம் ஃபைல் தயாரிப்பது யார்? பெரும்பாலும் சம்பளம் வாங்காத கிளப் செயலாளர்தான், தன் வேலை முடிந்து வந்த பிறகு! அவர் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஃபைல் சரியாக இருந்து, மைதானத்தில் அந்த 11 கஜத்தை யாரும் கவனிக்கவில்லை என்றால் அடி வாங்குவது பிள்ளைதான். எனவே பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்ப்பதோடு ஒரு நாள் பயிற்சியையும் நின்று பார்ப்பது நல்லது.