ஆச்சியின் தும்பிக்கை எழுத்து

எங்க ஆச்சி முப்பது வருசத்துக்கு மேல ஒண்ணாம் வகுப்பு டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் இலஞ்சியில எல்லாருக்கும் அவங்க 'டீச்சர்' தான்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. வெற்றிலை, பொரிகடலை, வாழை இலை. எல்லா 'லை'யிலும் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு! "டீச்சரா இருந்துட்டு தப்பா எழுதுறீங்களே ஆச்சி!" என்று எல்லார் முன்னாலும் சிரித்தேன்.

ராத்திரிதான் சொன்னாங்க. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்ததாம். பெரியார் 1935-லேயே 'குடிஅரசு' இதழில் பயன்படுத்திய முறை அது. ணை, லை, ளை, னை தும்பிக்கையை விட்டன. ணா, றா, னா தனிக்கால் வாங்கின. மொத்தம் 13 எழுத்துகள்.

"பிள்ளைகளுக்கு எல்லா எழுத்துமே புதுசு. எனக்குத்தான் கை பழசுலயே போகும். ராத்திரி சிலேட்டுல எழுதி எழுதி அழிப்பேன். போர்டுல ஒருநாள்கூட தப்பு விடலட்டி. வீட்டுல மட்டும் கை அது இஷ்டத்துக்குப் போகட்டும்னு விட்டுட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. தூக்கம் வந்துவிட்டது.

போன வருசம் சாரல் நேரத்தில் ஆச்சி இறந்துட்டாங்க. பெட்டியில் வீட்டுக் கணக்கு நோட்டு இருந்தது. முதல் பக்கங்களில் எல்லாம் தும்பிக்கை. நான் சிரித்த நாளுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. இரண்டு மூன்று இடத்தில் மட்டும் எழுதி, அடித்து, புது 'லை' போட்டிருந்தாங்க.

மேலே ஓரத்தில் இருக்கும் பழைய 'லை' அந்த நோட்டைப் பார்த்து நான் எழுதியது. மூன்று தடவை அழித்தேன். வளைவு இன்னும் சரியா வரல.

— எட்டாம் வகுப்பு மாணவி