பாங்காக் போறீங்களா? பர்ஸை இறுக்கிப் பிடிங்க!

செமஸ்டர் லீவில் நாங்கள் நாலு பேர் தாய்லாந்து போய்விட்டு வந்ததிலிருந்து, கேன்டீனில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "மச்சி, அங்க என்ன வாங்கலாம்? எது சீப்?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதான் மொத்தமாக இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நன்றாக ஷாப்பிங் செய்தவன் இல்லை, நன்றாக ஏமாந்தவன். டிப்ஸ் கேட்பதற்கு அப்படிப்பட்ட ஆள்தான் சரி.

எனக்கு அங்கே வேலை ஒன்று இருந்தது. அக்காவுக்கு வளைகாப்பு. வரும் பெண்களுக்குத் தாம்பூலப் பையோடு ஏதாவது சின்னதாகக் கொடுக்கணும். "அங்க யானை போட்ட குட்டி பர்ஸ் கிடைக்குமாமே, அஞ்சு டஜன் வாங்கிட்டு வாடா" என்று அம்மா சொன்னாள். சீட்டுப் பணத்திலிருந்து 8,000 ரூபாய் எடுத்துக் கொடுத்து, "மிச்சத்துல உனக்குப் பிடிச்சதை வாங்கிக்கோ" என்றும் சொன்னாள். அம்மா தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் கிளிப், சீப்பு, ஸ்டிக்கர் பொட்டு விற்கிறாள். அந்த 8,000 எத்தனை கிளிப் என்று எனக்குத் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பணம் மாற்றுவதில் இருந்து ஆரம்பிக்கலாம். சுவர்ணபூமி ஏர்போர்ட்டில் இறங்கியதும் கண்ணில் படுகிற முதல் கவுண்டரில் மொத்தப் பணத்தையும் மாற்றிவிடாதீர்கள். அதே கட்டடத்தின் அடித்தளத்தில், சிட்டிக்குப் போகும் ரயில் புறப்படும் இடத்தில், இன்னும் நல்ல ரேட் தரும் கவுண்டர்கள் இருக்கின்றன. நம் ரூபாய்க்கு அங்கே மதிப்பு குறைவு, டாலராகக் கொண்டுபோவது நல்லது. அதிலும் மடிப்பில்லாத 100 டாலர் நோட்டுக்குக் கிடைக்கிற ரேட் சில்லறை நோட்டுக்குக் கிடைக்காது. நாங்கள் போனபோது ஒரு பாட் ஏறக்குறைய இரண்டரை ரூபாய். அம்மாவின் 8,000, என் கைக்கு 3,200 பாட்டாக வந்தது.

துணி வேண்டுமா, பிரதுநாம் பக்கம் பிளாட்டினம் மாலுக்குப் போங்கள். அங்கே ஒரு துணிக்கு இரண்டு விலை. ஒன்று வாங்கினால் ஒரு விலை, மூன்று வாங்கினால் மொத்த விலை. மூன்றும் ஒரே டிசைனாக இருக்கணும் என்று எல்லாக் கடையிலும் கட்டாயமில்லை, கேட்டுப் பாருங்கள். நாலு பேரும் ஒரே கடையில் வாங்கினோம், மொத்த விலை கிடைத்தது. "ஃப்ரீ சைஸ்" என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பாதீங்க. அது அவங்க ஊர் ஃப்ரீ சைஸ். பல கடைகளில் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள். எங்கள் செட்டில் கொஞ்சம் வாட்டசாட்டமான ஒருவன் வாங்கிய சட்டை இப்போது அவன் தம்பியிடம் இருக்கிறது.

சாத்துச்சாக் சந்தை சனி, ஞாயிறுகளில்தான் முழுசாக நடக்கும். 27 பகுதிகள், 15,000க்கும் மேல் கடைகள். "சுத்திட்டு வந்து வாங்கிக்கலாம்" என்ற நம்ம ஊர்ப் புத்தி அங்கே எடுபடாது. திரும்பி வந்தால் அந்தக் கடை இருக்காது. இருக்கும், உங்களால் கண்டுபிடிக்க முடியாது. பிடித்தால் உடனே வாங்குங்கள், இல்லை கடை நம்பரை போட்டோ எடுங்கள். யாராவது தொலைந்துபோனால் நடுவில் இருக்கும் மணிக்கூண்டில் சந்திப்பதாக முன்னாடியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பேசி வைக்கவில்லை. முக்கால் மணி நேரம் போச்சு.

வீட்டுக்குத் தின்பண்டம் வாங்க சூப்பர் மார்க்கெட் போதும். உலர்ந்த மாம்பழம், தேங்காய் சிப்ஸ், மூக்கில் உறிஞ்சுகிற அந்தக் குட்டி இன்ஹேலர் எல்லாம் அங்கே ஒட்டியிருக்கிற விலைதான், பேரம் கிடையாது. சைவக்காரர்கள் ஜாக்கிரதை, சும்மா தெரிகிற மசாலாவிலும் மீன் சாஸ் இருக்கும். மஞ்சள் பின்னணியில் சிவப்பாக 17 மாதிரி ஒரு எழுத்து இருக்கிற பாக்கெட்டைத் தேடுங்கள். அது "ஜே", அசைவம் கலக்காதது. எண்ணெய், பேஸ்ட் எல்லாம் செக்-இன் லக்கேஜில். ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்கு மேல் வாங்கினால் 7 சதவீத வாட் வரியைத் திரும்பக் கேட்கலாம். எல்லாக் கடையிலும் இல்லை, அதற்கான போர்டு வைத்த கடையில்தான். பாஸ்போர்ட் காட்டி அங்கேயே படிவம் வாங்கிக்கொள்ளணும். எங்களில் ஷூ வாங்கிய ஒருவனுக்குத்தான் அந்த யோகம்.

புத்தர் சிலை அழகாக இருக்கிறதே என்று தூக்கிவிடாதீர்கள். அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக அவர்களுடைய நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். வேப் அங்கேயும் சட்டவிரோதம், இங்கேயும் சட்டவிரோதம். கஞ்சா கலந்த மிட்டாய் அங்கே கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு இருந்தாலும் கை வைக்காதீர்கள், சென்னை ஏர்போர்ட்டில் அது மிட்டாய் இல்லை. இன்னொன்று. "டிக்கெட் நாங்க போட்டுத் தர்றோம், வரும்போது ஒரு பையை மட்டும் எடுத்துட்டு வந்துடு" என்று யாராவது சொன்னால், உங்களைக் குருவி ஆக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். பையில் கஞ்சாவும் இருக்கலாம், உயிரோடு குட்டிக் குரங்கும் இருக்கலாம். மாட்டுவது நீங்கள்தான். இது ஜோக் இல்லை, மக்களே.

இப்போது என் கதை.

இரண்டாம் நாள் காலை, அரண்மனைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தோம். அயர்ன் பண்ணிய சட்டை, கழுத்தில் ஐடி கார்டு, நல்ல இங்கிலீஷ். ஒருவர் வந்து, "இன்னைக்குக் காலையில பூஜை, மதியம்தான் திறப்பாங்க. அதுவரைக்கும் ஊர் சுத்திப் பாருங்களேன்" என்று ஒரு டுக்-டுக்கை நிறுத்தினார். நாலு பேருக்கும் சேர்த்து 40 பாட். டுக்-டுக் ஒரு கோவிலில் நின்றது. அங்கே சும்மா உட்கார்ந்திருந்த இன்னொருவர், "ஸ்டூடன்ட்ஸா? இந்த வாரம் மட்டும் அரசாங்க விலையில கல்லு குடுக்கறாங்க. ஊர்ல ரெட்டை விலைக்குப் போகும்" என்றார். டுக்-டுக் அடுத்து எங்கே நின்றிருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். எங்களுக்குத் தோன்றவில்லை.

ஏசி கடை, குடிக்கக் குளிர்ந்த ஜூஸ். வெள்ளி மோதிரத்தில் நீலக்கல். நான் உஷாரான ஆள் என்று காட்டிக்கொள்ள, "இது ஒரிஜினல்னு எப்படி நம்புறது?" என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு கண்ணாடித் துண்டைக் கொடுத்து, "கீறிப் பாருங்க" என்றார். கீறினேன். கண்ணாடியில் கோடு விழுந்தது. நீலக்கல் என்பது அலுமினியம் ஆக்சைடு, மோஸ் அளவில் கடினத்தன்மை 9, கண்ணாடி ஐந்தரை. மெட்டீரியல் சயின்ஸில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான். அதே தைரியத்தில் 2,600 பாட்டை எண்ணிக் கொடுத்தேன். அம்மாவுக்கு மோதிரம்!

அன்று மதியம் அரண்மனைக்குப் போனால், காலையிலிருந்து திறந்துதான் இருந்தது என்றார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. டுக்-டுக்காரர் ஏமாற்றிவிட்டார், கல்லு நல்ல கல்லு என்றே நினைத்தேன். நீங்கள் போனால் யார் என்ன சொன்னாலும் டிக்கெட் கவுண்டர் வரைக்கும் போய்ப் பார்த்துவிடுங்கள். கல் வாங்கியே தீரணும் என்றால், சீலோம் ரோட்டில் அவர்களுடைய அரசு ரத்தினக்கல் நிறுவனத்தின் சோதனைக்கூடம் இருக்கிறது. "அங்க போய்க் காட்டிட்டு வாங்கலாமா?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். அந்த முகத்திலேயே பதில் இருக்கும்.

மூன்றாம் நாள் காலை சீனர் தெருப் பக்கம் சாம்பெங் சந்து. ஒரு ஆள் அகலம்தான் இருக்கும். அதற்குள் கைவண்டியும் வரும், பைக்கும் வரும். கிளிப், மணி, ரிப்பன், பர்ஸ் எல்லாம் டஜன் கணக்கில். நம்ம பாரிமுனை சந்துகளை நினைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் போய்விட்டதால் பாதிக் கடைதான் திறந்திருந்தது. பச்சைக் குடை கட்டிய ஒரு கடையில் ஒரு பாட்டி சாமான்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். யானை பர்ஸ் டஜன் 150 பாட் என்று கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார். அஞ்சு டஜன், 750. அம்மா பணத்தில் என்னிடம் மிச்சம் 600. என் சொந்தப் பணம் சாப்பாட்டுக்கும் ஹாஸ்டல் படுக்கைக்குமே சரியாக இருந்தது.

பேரம் பேசினேன். அங்கே பேரம் தப்பில்லை, ஆனால் சிரித்த முகமாகப் பேசணும், குரல் உயர்ந்தால் காரியம் கெட்டது. "லொத் நோய் தாய் மய்" என்றால் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று அர்த்தம். அவர் 140 என்றார். நான் 120. அவர் 135. நான் கிளம்புகிற மாதிரி இரண்டு அடி வைத்தேன். இந்த இரண்டு அடியை எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். அம்மா கடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்யும்போது, பத்து ரூபாய்க் கிளிப்புக்கு எத்தனையோ பேர் அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். பாட்டி கூப்பிட்டார். 120.

பணத்தைக் கொடுத்தேன். அவர் அந்த நோட்டுகளை வாங்கி, அடுக்கி வைத்திருந்த சாமான் மேலெல்லாம் தட்டித் தட்டி, "ஹெங், ஹெங்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அதிர்ஷ்டம், அதிர்ஷ்டம் என்று அர்த்தமாம், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நிமிஷம் அர்த்தம் தேவைப்படவில்லை. முதல் நோட்டைக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் போடுகிற அம்மாவின் கை தெரிந்தது. போணி.

திரும்பிப் போய் மீதி 150 பாட்டைக் கொடுத்திருக்கலாம். நண்பர்களிடம் கடன் கேட்டால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. பேரத்தில் ஜெயித்த சந்தோஷமும் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்ல விரும்பவில்லை.

ஊருக்கு வந்து மோதிரத்தைக் கொடுத்ததும் அம்மா போட்டுக்கொள்ளவில்லை. "நீலம் எல்லாருக்கும் ஒத்துக்காதுடா, கேட்டுட்டுப் போடறேன்" என்று தெரிந்த நகைக்கடைக்கு எடுத்துப் போனாள். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள கோடு வளைஞ்சு வளைஞ்சு ஓடுது பாருங்க. உலையில செஞ்ச கல்லு. வெள்ளிக்குத்தான் காசு" என்றார். தூளைத் தீச்சுடரில் உருக்கிக் கல்லாக வளர்க்கிற முறையை வெர்னோய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902லேயே வெளியிட்டுவிட்டார். அதுவும் அலுமினியம் ஆக்சைடுதான். அதுவும் கண்ணாடியைக் கீறும். சிலபஸில் அந்தப் பாதி இல்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மோதிரத்தை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, "பர்ஸ் என்ன விலை?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைக் குடை, 150, 120, நோட்டால் தட்டியது.

"போணி நேரத்துலயாடா குறைச்ச?" என்றாள். அவ்வளவுதான். வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. எல்லோருக்கும் பர்ஸ் பிடித்திருந்தது.

அடுத்த லீவுக்கு நம்ம காலேஜிலிருந்து இன்னொரு செட் கிளம்புவதாகக் கேள்வி. வாட் மங்கோன் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி, ராட்சவோங் ரோடு வழியாக சாம்பெங் சந்துக்குள் நுழையுங்கள். இடது கைப்பக்கம் பச்சைக் குடையும் யானை பர்ஸும் தெரிந்தால், பாட்டி சொல்கிற விலைக்கே வாங்கிக்கோங்க. அதோடு ஒரு 150 பாட் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். ஊருக்கு வந்ததும் ஜிபே பண்ணிடறேன்.