45-ஆவது நாள்

திருப்பூரில் நிட்டிங், டையிங், காஜா பட்டன் என்று ஜாப் ஒர்க் செய்கிற சின்ன யூனிட் எதிலாவது கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். ‘பேமெண்ட் லெட்டர்’ என்று ஒரு வேர்டு ஃபைல் இருக்கும். பார்ட்டி பெயரையும் தொகையையும் மாற்றி மாற்றி வருஷக்கணக்கில் அதையே அனுப்புவார்கள். தேதியை அடிக்க வேண்டியதில்லை. ஆல்ட், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வேர்டே போட்டுவிடும்.

விஷமம் அங்கேதான். அது போடுவது தேதி அல்ல, ஃபீல்டு. அதற்கு என்றைக்கும் ‘இன்றைக்கு’தான். பிப்ரவரியில் அனுப்பிய கடிதத்தை ஜூனில் திறந்து பிரிண்ட் எடுத்தால் ஜூன் தேதி! “ஏனுங்க, லெட்டரே இப்பத்தானுங்க போட்டிருக்கீங்க?” என்று பார்ட்டி கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இதென்ன பெரிய விஷயம் என்காதீர்கள். 2006-ன் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் தந்தாக வேண்டும். நாள் கணக்கு, சரக்கை ஏற்றுக்கொண்ட தினத்திலிருந்து. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த வருமான வரி விதிப்படி, கெடு தாண்டிய பாக்கியை வாங்கியவர் அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த வருஷத்தில்தான் காட்டலாம். ஆகவே கடிதத்தில் ‘45 நாட்களுக்குள்’ என்று மொட்டையாக எழுதாமல், கெடு தேதியையே எழுதுவது உத்தமம்.

விரல் விட்டு எண்ணலாம். ஜனவரி 20-லிருந்து 45 நாள் என்றால் மார்ச் 6. லீப் வருஷமானால் மார்ச் 5. வேர்டு எண்ணித் தராதா? சுலபத்தில் தராது. ஃபீல்டுக்குள் ஃபீல்டாக நெளி அடைப்புகளை அடுக்கி, லீப் வருஷத்துக்கும் வழி செய்து நீளமான ஃபார்முலா எழுதிய பொறுமைசாலிகள் உண்டு. உங்களுக்கு அது வேண்டாம். எக்ஸெல்லுக்குத் தேதி என்பது வெறும் எண். 2000 ஜனவரி 1 அதற்கு 36526. தேதி இருக்கும் கட்டத்தோடு 45-ஐக் கூட்டினால் முடிந்தது. (1900-ல் இல்லாத பிப்ரவரி 29-ஐ இருந்ததாக எக்ஸெல் இன்னமும் நம்புகிறது. பழைய லோட்டஸ் 1-2-3-யோடு ஒத்துப்போக வந்த பிழை. நம் பில்களுக்குப் பாதகமில்லை.) காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் இன்னும் சுலபம். தேதி ஃபீல்டிலேயே ‘ஆஃப்செட் இன் டேஸ்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. ‘டேட் ஃபிக்ஸட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து 45 போட்டால், இன்றிலிருந்து 45-ஆவது நாளைப் போட்டுவிட்டு அப்படியே நிற்கும்.

வேர்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தேதியை நிறுத்த, அதைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 அழுத்துங்கள். ஃபீல்டு செத்து வெறும் எழுத்தாகிவிடும். அனுப்புவதற்கு முன்னால்.

இன்னொன்று. 45-ஆவது நாள் ஞாயிற்றுக்கிழமையா என்று இவை எதுவும் கவலைப்படுவதில்லை. ஊரில் சம்பளம் சனிக்கிழமை. காலண்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு, கடிதத்தில் வெள்ளிக்கிழமையைப் போட்டுக் கேளுங்கள்.