பீப்பாயிலிருந்து கோப்பைக்கு

இங்கிலாந்தின் பீப்பாய் பீர் ஆலையிலேயே முழுமை பெற்றுவிடுவதில்லை. வடிகட்டாமல், ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே அடைத்து பப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். மிச்ச நொதித்தல் பப்பின் நிலவறையில் நடக்கிறது. வழக்கமான பீப்பாய் 9 காலன், அதாவது சுமார் 41 லிட்டர். அதைக் கிடத்தி, மேல் துளையில் சிறு மர முளையை அடிக்கிறார்கள். முதலில் செருகுவது வாயு கசியும் மென்மரம். அதைச் சுற்றி நுரை பொங்கிக்கொண்டிருக்கும் வரை பீர் தயாராகவில்லை என்று பொருள். குமிழ் அடங்கியதும் மிஞ்சிய வாயு தப்பாதபடி வன்மர முளையை இறுக்குவார்கள். ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளிந்த பிறகே குழாயைத் திறக்கலாம்.

நிலவறையின் குளிர்ச்சி 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். ஆங்கிலேயர்கள் வெதுவெதுப்பான பீர் குடிக்கிறார்கள் என்ற பேச்சில் உண்மையில்லை. 12 டிகிரி நல்ல குளிர்ச்சிதான். நாக்கை மரத்துப்போகச் செய்யும் குளிர் மட்டும் அதில் இல்லை. இதைவிடக் குளிர்ந்தால் வாசனைப் பொருள்கள் ஆவியாகி மேலெழாது. மால்ட் எனும் முளைகட்டிய தானியத்தின் பிஸ்கட் மணமும் ஹாப்ஸ் பூக்களின் பழ மணமும் அமுங்கிவிடும், பீரும் கலங்கலாம். சூடேறினால் கரியமில வாயு வெளியேறி பீர் சப்பென்று ஆகும், இனிப்பு கனக்கும், கெடுவதும் விரைவுபடும். நிலவறைக்கும் மேசைக்கும் இடையிலுள்ள குழாயில் இரவெல்லாம் தேங்கிய பீரும் இப்படித்தான் கெடுகிறது. அக்கறையுள்ள பப்காரர் காலையில் அதை இழுத்துக் கொட்டிவிட்டே கடை திறப்பார்.

பரிமாறும் முறைகளில் மிகப் பழையதைக் காண பர்ட்டன் அபான் ட்ரென்ட் செல்லலாம். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் பேல் ஏல் எனும் வெளிர் பீரை அனுப்பிய ஊர் அது. அங்குள்ள கூப்பர்ஸ் டேவர்ன் என்ற பப்பில் பாஸ் என்ற பீரைப் பீப்பாயிலிருந்தே நேராகப் பிடித்துத் தருகிறார்கள். பம்பும் இல்லை, நீண்ட குழாயும் இல்லை. நுரை குறைவு, பீர் அதிகம் அலைக்கழிக்கப்படாததால் அதில் கரைந்திருக்கும் வாயு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. ஜிப்சம் நிறைந்த அவ்வூர்த் தண்ணீரில் காய்ச்சிய பீரில், முதல் முகர்வில் உரசிய தீக்குச்சியின் கந்தக வாடை லேசாக வரும். அடுத்த கணமே மறைந்துவிடும் அதைப் பிடிக்க இந்த முறைதான் ஏற்றது.

பெரும்பாலான பப்புகளில் இருப்பது கைப்பம்பு. ஜோசப் பிராமா 1797இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வாயுவின் அழுத்தமின்றி, கையின் வலுவாலேயே பீர் மேலேறுகிறது. தெற்கில் பம்பின் மூக்கிலிருந்து அப்படியே ஊற்றுவார்கள். லீட்ஸ் உள்ளிட்ட வட பகுதிகளில் மூக்கின் நுனியில் நுண்துளைகள் கொண்ட ‘ஸ்பார்க்ளர்’ என்ற மூடியைத் திருகியிருப்பார்கள். துளைகளின் வழியே பீர் பீறிடும்போது கரைந்திருந்த வாயு பிரிந்து கெட்டியான வெண்ணுரையாகிறது. ஹாப்ஸின் கசப்புப் பொருள்களில் ஒரு பகுதி நுரையில் சேர்வதால் நுரை கசக்கும், கீழேயுள்ள பீர் வழுவழுப்பாக இறங்கும்.

எது சரி என்று வடக்கும் தெற்கும் நெடுங்காலமாக வாதிடுகின்றன. பீரைப் பொறுத்ததே விடை. மால்ட் மேலோங்கிய யார்க்ஷயர் பிட்டருக்கு ஸ்பார்க்ளர் பொருந்துகிறது. ஹாப்ஸ் மணத்துக்காகவே காய்ச்சிய பேல் ஏலில் அதைப் போட்டால், குடிப்பதற்குள் மணத்தில் ஒரு பகுதி பறந்துவிடும். அத்தகைய பீருக்கு ஸ்பார்க்ளர் கூடவே கூடாது.

எந்த முறையானாலும் காலக்கெடு ஒன்றுதான். பீர் குறையக் குறையப் பீப்பாய்க்குள் காற்று புகுகிறது. முதல் நாள் அது சுவையைச் சற்று மென்மையாக்கும், பிறகு புளிக்க வைக்கும். திறந்த பீப்பாயை மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆகவே இங்கிலாந்து செல்பவர்கள் கூட்டமுள்ள பப்பைத் தேர்ந்தெடுங்கள். அரை பைன்ட் ஸ்பார்க்ளரோடும் அரை பைன்ட் அதில்லாமலும் கேளுங்கள். அதைக் கழற்ற ஒரு திருகு போதும்.