கிலோ 12 ரூபாய்!

கடலூரிலிருந்து பண்ருட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், நெல்லிக்குப்பம் வந்துவிட்டதென்று கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை. மூக்கே சொல்லிவிடும். அரவை சீஸனில் பாரி சர்க்கரை ஆலையிலிருந்து வருகிற பாகு வாசனை அப்படி! 1842-ல் ஆரம்பித்த ஆலை. முன்னால் கரும்பு லாரி, பின்னால் எங்கள் பஸ், ஊர்வலம் மாதிரி ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன்.

போன காரியம் ஆராய்ச்சியெல்லாம் இல்லை. அத்தை வீட்டில் ஓட்டைப் பிரித்துத் தளம் போடப் போகிறார்கள். பரணைக் காலி பண்ண வேண்டும். "நீதான் பி.காம். படிச்சவனாச்சேடா, பழைய பேப்பர்காரன்கிட்ட கணக்காப் பேசி வித்துக் குடு" என்று போன் பண்ணியிருந்தார். மூன்று வருஷம் படித்ததற்கு ஒரு பிரயோஜனம் வேண்டாமா?

முதல் நாளே ஒரு சாக்கு போனது. 22 கிலோ, கிலோ 12 ரூபாய். 264 ரூபாயை அத்தையிடம் கொடுத்துவிட்டு, உள்ளூர் டாடா பிர்லா ரேஞ்சில் காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அத்தையின் பேரன் வந்து இறங்கினான். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆராய்ச்சி மாணவன். பரணைப் பார்த்தான். காலி இடத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"மாமா... என்ன பண்ணி வெச்சிருக்கீங்க!"

அவனுடைய ஆராய்ச்சியே பழைய அச்சுப் புத்தகங்கள்தானாம். புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டுமல்ல. யார் அச்சடித்தார்கள், என்ன விலை, யார் வாங்கினார்கள், எப்படிப் படித்தார்கள் என்பது வரை. 'இதற்கெல்லாமா டாக்டர் பட்டம்?' என்று நினைத்தேன். நல்ல வேளை, வாய்விட்டுக் கேட்கவில்லை.

மிச்சமிருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். முதலில் கையில் வந்தது அட்டை போன ஒரு பாட்டுப் புத்தகம். 32 பக்கம். முகப்பில் 'சுக்கில வருஷம்' என்று மட்டும் இருந்தது. அறுபது வருஷத்துக்கொரு முறை அதே பெயர் திரும்பி வந்து தொலைக்கிறதே! 1869-ஆ, 1929-ஆ?

"1869-ஆ இருந்தா?" என்றேன் ஆசையாக.

"அப்படின்னா நம்ம மஞ்சக்குப்பம் கேஸ் நடந்த வருஷம் மாமா" என்று ஆரம்பித்தான். வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்களை அன்பர்கள் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, 1867-ல் 'திருவருட்பா' என்று அச்சிட்டார்கள். தொகுத்தவர் தொழுவூர் வேலாயுத முதலியார். 'அது அருட்பா அல்ல' என்று ஆறுமுக நாவலர் கிளம்ப, பிரசுரத்துக்குப் பிரசுரம் பதிலடி. விவகாரம் 1869-ல் மஞ்சக்குப்பம் கோர்ட் வாசல்படி வரை ஏறியது. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகும் சிஷ்யர்கள் விடவில்லை. அருட்பா பக்கம் நின்று வாதாடியவர்களில் செய்குத்தம்பிப் பாவலர் என்ற முஸ்லிம் புலவரும் ஒருவர்! அந்தச் சண்டைப் பிரசுரங்களையெல்லாம் தேடிப் பிடித்து ப. சரவணன் 2010-ல் ஒரு தடித்த தொகுப்பாகவே கொண்டுவந்திருக்கிறார். அன்றைக்கு நம்மைப் போல ஒருத்தர் பரணைக் காலி பண்ணியிருந்தால் கதை முடிந்தது.

பின்பக்கத்தைப் புரட்டியவன் சிரித்துவிட்டான். கிராமபோன் விளம்பரம். எடிசன் போனோகிராப்பைக் கண்டுபிடித்ததே 1877-ல்தான். ஆக, 1929.

என் முகம் தொங்கிப்போனது. அவன் முகம் மலர்ந்தது! பெரிய காவியங்களை யாராவது பத்திரப்படுத்திவிடுவார்களாம். ரயில் விபத்து, கொலைச் சிந்து, கள்ளு ஒழிப்புப் பாட்டு என்று காலணா, அரையணாவுக்குத் தெருவில் விற்ற குஜிலிப் புத்தகங்களைத்தான் எவரும் வைத்துக்கொள்வதில்லை. அவற்றைப் பற்றியே ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று 2004-ல் எழுதினார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், போர்டு எழுதிப் பிழைத்தவர், புத்தகம் புத்தகமாகச் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலை கொடுத்து வாங்கி, சென்னையிலேயே நூலகமாக வைத்தது. சிகாகோக்காரனுக்குத் தெரிகிற அருமை... சரி, நான் பேசக் கூடாது.

பையனோடு படித்து முடித்த சீனியர்கள் சிலர், இப்போது பாங்க்கிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய் இப்படிப்பட்ட பக்கங்களை போனில் படம் எடுத்து வருகிறார்களாம். பஸ் சார்ஜ் சொந்தச் செலவு.

பாட்டுப் புத்தகத்தின் ஓரங்களில் பென்சில் எழுத்து. நமக்குப் புரியாத தமிழ் எண்கள். பி.காம். கை விரித்தது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "முக்கா, அரைக்கா, வீசம்" என்று கடகடவென்று படித்தார். கரும்பு வண்டிக் கணக்கு. மாமனாரின் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் புத்தகத்தை இரவல் வாங்கிப்போனவர்களின் பட்டியல், ஒன்பது பேர்.

"இந்த ஆளு கரும்பு வெட்டுறவராச்சே, அவருக்குப் படிக்கவே தெரியாது!" என்றார் அத்தை.

பேரன் நிமிர்ந்தான். "அப்புறம் எதுக்கு ஆயா வாங்கிட்டுப் போனாரு?"

"வேற யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேக்கத்தான். நான் கல்யாணமாகி வந்தப்பகூட நம்ம திண்ணையில ராத்திரி லாந்தரை வெச்சு உங்க பாட்டன் படிப்பாரு. கீழ பத்துப் பதினஞ்சு பேரு உக்காந்திருப்பாங்க."

பையன் அத்தையை மூன்று முறை அதையே சொல்ல வைத்துப் பதிவு பண்ணிக்கொண்டான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பெயர் ஒரு புத்தகத்தில் வாசகராகப் பதிவாகியிருப்பது அவனுக்குப் பொக்கிஷமாம். எனக்கோ வயிற்றைக் கலக்கியது. போன சாக்கில் எத்தனை கடைசிப் பக்கங்களோ!

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பேப்பர் கடை. சரக்கு ராத்திரியே பண்ருட்டிக்குப் போய்விட்டதாம். துரத்திக்கொண்டு போனோம். மூட்டைகளைக் கிளறி நாலு கிலோ மட்டும் மீட்டோம். எங்கள் முகத்தைப் பார்த்தே கடைக்காரர் விலையை முடிவு பண்ணிவிட்டார். கிலோ 30 ரூபாய். 12-க்கு விற்று 30-க்கு வாங்குகிற வியாபாரத்தை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சிதம்பரம் பஸ்ஸில் பையை மேலே வைக்கச் சொன்னார் கண்டக்டர். பையன் மாட்டேனென்று மடியிலேயே வைத்துக்கொண்டான்.

ராத்திரி பத்து மணிக்கு போன். "மாமா, மீட்டதுல ஒரு கொலைச் சிந்து இருக்கு. ஆனா நடுவுல ஒரு பாரம், எட்டுப் பக்கம், காணோம். ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா? பண்ருட்டிக் கடைக்காரர்கிட்ட மறுபடி ஒரு தடவை..."

100 ரூபாயாகச் சில்லறை மாற்றி வைத்திருக்கிறேன்.