பேருக்கு மெம்பர்!

'ரைனோ'ன்னா என்ன? காண்டாமிருகம். எல்.கே.ஜி. குழந்தைகூடச் சொல்லிடும் இல்லையா? நானும் அதைத்தான் சொன்னேன். அதுவும் இன்டர்-காலேஜ் க்விஸ் ஃபைனல்ஸ்ல, ஆடிட்டோரியம் நிறையக் கூட்டம் இருக்கும்போது, பஸ்ஸரை முந்திக்கிட்டு அமுக்கி!

கேள்வி இதுதான்: 'அமெரிக்க அரசியலில் ரைனோ என்று யாரைச் சொல்கிறார்கள்?' அங்கே குடியரசுக் கட்சின்னா யானை, ஜனநாயகக் கட்சின்னா கழுதை. அப்போ காண்டாமிருகம் மூணாவது கட்சியோட சின்னமா இருக்கும்னு என் இன்ஜினீயரிங் மூளை கணக்குப் போட்டுடுச்சு. ஹாலே சிரிச்சது. பக்கத்து டீம் பொண்ணு கூலா பதில் சொல்லி, பத்து பாயின்ட்டைத் தட்டிக்கிட்டுப் போயிடுச்சு.

பதில்: 'பேருக்கு மட்டும் குடியரசுக் கட்சிக்காரர்'. இங்கிலீஷ்ல அதைச் சொல்ற நாலு வார்த்தைகளோட முதல் எழுத்துகளைச் சேர்த்தா ரைனோ. கட்சியில இருந்துக்கிட்டே, கட்சி சொல்றதுக்கெல்லாம் தலையாட்டாத மிதவாதிகளுக்குச் சொந்தக் கட்சிக்காரங்களே வெச்ச பட்டப்பேர்.

தோத்தது பெரிசில்லீங்க. மேடையிலேயே எனக்குச் சுருக்குன்னு தைச்சது வேற. 'பேருக்கு மட்டும்...' இதே வார்த்தையை ஆறு மாசத்துக்கு முன்னாடி நாங்களும் சொல்லியிருக்கோம். என் ரூம்மேட்டைப் பார்த்து!

ஊறுகாய் பாட்டில் குற்றவாளி

செகண்ட் இயர் ஆரம்பத்துல எங்க காலேஜ்ல பிளாஸ்டிக்குக்கு எதிரா ஒரு குரூப் ஆரம்பிச்சோம். ஒரு தடவை யூஸ் பண்ணிட்டுத் தூக்கிப்போடுற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லேயே தடை வந்தாச்சு. ஆனா, எங்க கேன்டீன் வாசல் குப்பைத் தொட்டிக்கு மட்டும் அந்த நியூஸ் இன்னும் போய்ச் சேரலை.

முதல் மீட்டிங்குக்கு 41 பேர் வந்தாங்க. ஐடியா மொத்தமும் என் ரூம்மேட்டோடது. முதல் போஸ்டர் எழுதினது அவன். பழைய வேட்டியில பை தைக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, ஊர்லேர்ந்து அவனைப் பார்க்க வந்த அவங்க அம்மா.

அப்புறம்தான் சூடு ஏறுச்சு. 'ரூம்ல பிளாஸ்டிக் வெச்சிருக்கிற ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு ஃபைன் போடணும்'னு ஒரு தீர்மானம் வந்தது. இவன் எழுந்தான். "ஃபைன் போட்டா ஒளிச்சு வெப்பாங்கடா. முதல்ல கேன்டீன்ல எவர்சில்வர் டம்ளர் கொண்டுவர வைப்போம். ஹாஸ்டலை அப்புறம் பார்த்துக்கலாம்"னான். கொள்கைக்கு எதிரா அவன் ஒரு வார்த்தை பேசலை, கவனிங்க. எதை முதல்ல செய்யறது, எவ்வளவு வேகமா செய்யறதுன்னுதான் பேசினான். ஆனா, முத்திரை அன்னிக்கே விழுந்துடுச்சு.

அடுத்த வாரம் அவன் ஷெல்ஃபை யாரோ போட்டோ எடுத்தாங்க. அவங்க அம்மா கொடுத்தனுப்பின நாரத்தங்காய் ஊறுகாய், ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டில்ல! "இவன்லாம் பேருக்கு மெம்பர்டா!"ன்னு ஒரே சத்தம். அவனை எடுத்துடலாமான்னு கை தூக்கச் சொன்னாங்க. தூக்கினாங்க. அவன் ஒண்ணும் பேசாம எழுந்து போயிட்டான். அந்த வாரமே ரூமையும் மாத்திக்கிட்டான்.

நான் எந்தப் பக்கம்னு இப்பக் கேட்காதீங்க. கடைசியில சொல்றேன்.

ஸ்பெக்டர் கதை

செமஸ்டர் பாடத்தைத் தவிர எதைக் கொடுத்தாலும் விழுந்து விழுந்து படிக்கிற ரகம் நான். க்விஸ் முடிஞ்ச ராத்திரியே ரைனோ ஆராய்ச்சியில இறங்கிட்டேன். அப்ப மாட்டினவர்தான் ஆர்லன் ஸ்பெக்டர்.

பென்சில்வேனியா மாநிலத்தின் செனட்டர். 1980 தேர்தலில் ஜெயித்ததிலிருந்து அடுத்தடுத்து ஐந்து முறை, யானைக் கட்சிக்காக. 2009 பிப்ரவரியில், பொருளாதாரச் சரிவைச் சமாளிக்க 787 பில்லியன் டாலர் திட்டம் ஒன்றை அதிபர் ஒபாமா கொண்டுவந்தார். அவர் கழுதைக் கட்சி. செனட்டில் இருந்த குடியரசுக் கட்சிக்காரர்களில் அதை ஆதரித்து ஓட்டுப் போட்டவர்கள் மூணே பேர். மெய்ன் மாநிலத்தின் ஒலிம்பியா ஸ்னோ, சூசன் காலின்ஸ். மூணாவது ஆள் ஸ்பெக்டர்.

இங்கே அமெரிக்க சிஸ்டத்தைக் கொஞ்சம் சொல்லியாகணும். நம்ம ஊர்ல வேட்பாளர் யார்னு மேலிடம் அறிவிக்கும். அங்கே 'பிரைமரி'ன்னு உட்கட்சித் தேர்தல் நடக்கும். பென்சில்வேனியாவில் அந்தக் கட்சியில பதிவு பண்ணின வாக்காளர்கள் மட்டும்தான் அதுல ஓட்டுப் போட முடியும். 2004 பிரைமரியில் ஸ்பெக்டரை எதிர்த்து நின்றவர் பாட் டூமி. 'நான்தான் அசல் கட்சிக்காரன், ஸ்பெக்டர் கலப்படம்' என்பதுதான் அவருடைய பிரசாரத்தின் சாரம். பத்து லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்த அந்தப் போட்டியில், ரெண்டு சதவிகிதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஸ்பெக்டர் தப்பிச்சார்.

2010-க்கு அதே டூமி திரும்ப வந்தார். ஆனா, இந்த முறை களம் வேற. 2008-ல் பென்சில்வேனியாவில் ரெண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குடியரசுக் கட்சி வாக்காளர்கள் தங்கள் பதிவை ஜனநாயகக் கட்சிக்கு மாத்திக்கிட்டாங்கன்னு ஸ்பெக்டரே சொன்னார். யோசிச்சுப் பாருங்க... அப்படிப் போனவங்கள்ல பெரும்பாலானவங்க யாரா இருப்பாங்க? அவருக்கு ஓட்டுப் போட்டிருக்கக்கூடிய மிதமான ஆளுங்க!

பிரைமரியில் ஜெயிக்க முடியாதுன்னு சர்வே சொல்லிடுச்சு. 2009 ஏப்ரல் 28-ம் தேதி ஸ்பெக்டர் கட்சி மாறினார். நம்ம ஊர்ல 1985-லேர்ந்து கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கு. சொந்தக் கட்சியை விட்டுட்டா பதவிக்கே வேட்டு. அங்கே அப்படி இல்லை. கட்சி மாறியும் அவர் செனட்டராகவே தொடர்ந்தார்.

மைக் ஏன் அலறுது?

எங்க செமினார் ஹால்ல மைக் திடீர்னு 'கீஈஈ'ன்னு அலறும். உங்க காலேஜ்லயும் அலறும். காரணம், ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போகுது. அது பெருசாகி மறுபடி ஸ்பீக்கர்ல வருது. மறுபடி மைக்குக்குள்ள... இதுக்குப் பேர் பாசிட்டிவ் ஃபீட்பேக். பேருதான் பாசிட்டிவ், பலன் காது கிழியும். கடைசியில பேசறவர் என்ன பேசறார்னே யாருக்கும் கேட்காது.

கட்சியிலயும் இதே சர்க்யூட்தான். மிதவாதி ஒருத்தர் வெளியே போறார். மிச்சம் இருக்கிற கூட்டம் முன்னைவிடக் கொஞ்சம் தீவிரமாகுது. அந்தக் கூட்டம்தான் அடுத்த வேட்பாளரைத் தேர்ந்தெடுக்குது. அதனால அடுத்த மிதவாதிக்கு இடம் இன்னும் கம்மி. அவரும் போறார். 'சுத்தமாயிட்டோம்'னு கட்சி சந்தோஷப்படுது. உண்மையில, 'கொஞ்சம் இருங்க, இது சரியா வருமா?'ன்னு உள்ளேயிருந்து கேட்கிற ஆள்தான் காலி.

இதுக்கு விலை உண்டு. ஒபாமாவோட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைக் குடியரசுக் கட்சி உயிரைக் கொடுத்து எதிர்த்தது. செனட்டில் முட்டுக்கட்டையைத் தாண்ட 60 ஓட்டு வேணும். 2009 டிசம்பர் 24-ம் தேதி அது 60-க்கு 39 என்ற கணக்கில் நிறைவேறியது. ஒரு ஓட்டுகூட உபரி கிடையாது. அந்த 60-ல் ஒருத்தர் ஸ்பெக்டர்! பழைய கட்சியிலேயே இருந்திருந்தா எப்படி ஓட்டுப் போட்டிருப்பார்னு யாராலும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா, எதிராளிக்குத் தேவைப்பட்ட கடைசி செங்கல்கள்ல ஒண்ணு யானைக் கட்சி வீட்டுச் சுவர்லேர்ந்து போனதுங்கிறது நிஜம்.

கழுதைக் கட்சி மட்டும் யோக்கியமான்னு கேட்டா, அதே 60-ல் இன்னொருத்தரைப் பாருங்க. ஜோ லீபர்மேன், கனெக்டிகட் செனட்டர். இராக் போரை ஆதரிச்சார்னு 2006 பிரைமரியில் ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் அவரைத் தோற்கடிச்சாங்க. அவர் சுயேச்சையா நின்னு, அதே வருஷம் நவம்பர்ல ஜெயிச்சு வந்துட்டார். மூணு வருஷம் கழிச்சு, 60-வது ஓட்டுக்காக அவர் வாசல்லயே கட்சி காத்து நிக்க வேண்டியிருந்தது. அவர் ஒத்துக்காததாலதான், அரசே நடத்துற காப்பீட்டுத் திட்டம் அந்தச் சட்டத்திலிருந்து கழன்றது.

அசலுக்கும் அதே கதி

ஸ்பெக்டரைத் தியாகியாக்க நான் வரலை. தோத்துடுவோம்னு தெரிஞ்சுதான் மாறினேன்னு அவரே ஒத்துக்கிட்டார். புதுக் கட்சியிலயும் ஆளுங்க சும்மா இல்லை. அவர் சொன்னதையே விளம்பரமாக்கிக் காட்டினாங்க. 2010 மே மாசம் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஜோ செஸ்டாக்கிடம் தோத்தார். நவம்பர்ல செஸ்டாக்கைத் தோற்கடிச்சு அந்த இடத்துக்கு வந்தவர்... நம்ம 'அசல்' பாட் டூமி!

இங்கே படம் முடியலை. 2021 ஜனவரி 6-ம் தேதி அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ள கலவரக் கும்பல் புகுந்தது. அதைத் தூண்டினதா டிரம்ப் மேல செனட்டில் விசாரணை நடந்தது. பிப்ரவரியில் ஓட்டெடுப்பு. 'குற்றவாளி'ன்னு ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஏழு பேர். அதுல ஒருத்தர் டூமி! உடனே பென்சில்வேனியாவின் பல மாவட்டக் கட்சிக் கமிட்டிகள் அவருக்கு எதிரா கண்டனத் தீர்மானம் போட்டன. மனசாட்சிப்படி ஓட்டுப் போடறதுக்காக நாங்க அவரை அனுப்பலைன்னு ஒரு மாவட்டத் தலைவர் வெளிப்படையாவே சொன்னார். இனிமேல் போட்டியிட மாட்டேன்னு டூமி 2020-லேயே அறிவிச்சிருந்தார். அவர் காலி பண்ணின இடத்தை 2022-ல் ஜனநாயகக் கட்சியின் ஜான் ஃபெட்டர்மேன் ஜெயிச்சார்.

புரியுதா? கலப்படம்னு இன்னொருத்தரை விரட்டினவரே, பத்துப் பன்னிரண்டு வருஷத்துல கலப்படமாயிட்டார். அவர் மாறலை. அளவுகோல் நகர்ந்துடுச்சு.

'அப்போ கொள்கையே வேண்டாமா? யார் வேணா வரலாம், என்ன வேணா செய்யலாமா?'ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஒரு கொள்கையும் இல்லாத கட்சி, கட்சியே இல்லை. அது பஸ் ஸ்டாண்டு. ஓட்டுக் கேட்கும்போது ஒண்ணு சொல்லிட்டு, உள்ளே போய் வேற செய்யறவரைத் தொண்டன் கேள்வி கேட்கத்தான் செய்வான். ஆனா, கொள்கையே இல்லாதவன் வேற, அதே கொள்கைக்கு வேற வழி சொல்றவன் வேற. இந்த ரெண்டு பேரையும் ஒரே குப்பைத் தொட்டியில போடறதுதான் தப்பு. நாங்க பண்ணினது அதைத்தான்.

ஏழு கையெழுத்து

ரூம்மேட் போனதும் குரூப் என்ன ஆச்சு? அவனுக்குப் பின்னாலயே பத்து பேர் மீட்டிங் வர்றதை நிறுத்தினாங்க. ஃபைன் ஐடியா கொடுத்தவன், ஓட்டல் சாம்பாரை பிளாஸ்டிக் கவர்ல வாங்கினதா மாட்டினான். அவனும் அவுட்! கடைசியில என் மேலயே கேஸ். என் குளிக்கிற பக்கெட் பிளாஸ்டிக்காம். ஹாஸ்டல்ல யாருங்க வெள்ளி பக்கெட்ல குளிக்கிறாங்க?

கேன்டீனை மாத்தச் சொல்லி மனு எழுதிக்கிட்டு ஆபீஸுக்குப் போனப்போ, அதுல இருந்தது ஏழே கையெழுத்து. வாங்கி ஓரமா வெச்சாங்க. 41 கையெழுத்தோட, டம்ளர் மட்டும் கேட்டுப் போயிருந்தா? அதைத்தான் அவன் முதல் நாளே சொன்னான். கேன்டீன்ல இன்னிக்கும் பிளாஸ்டிக் கப்தான். ஆனா, நாங்க ஏழு பேரும் ரொம்ம்ம்ப சுத்தம்!

போன வாரம் அவனோட புது ரூமுக்குப் போனேன். காண்டாமிருகக் கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சான். அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு ஒண்ணு கேட்டான். "அன்னிக்கு நீ கை தூக்கினியாடா? நான் திரும்பியே பார்க்கலை."

"மெஸ்ஸுக்கு டைமாச்சு"ன்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன்.

நண்பர்களே, உங்க குரூப்லயும் ஒருத்தன் இருப்பான். எல்லாரும் 'ஆமா' சொல்லும்போது 'ஒரு நிமிஷம்'னு சொல்றவன். கடைசியா அவன் எப்பப் பேசினான்னு யோசிங்க. ஞாபகமே வரலைன்னா, ஒண்ணு அவன் போயிட்டான், இல்லை பயந்து வாயை மூடிட்டான். நான் ரெண்டாவது ரகம்.

டேய், நம்ம மெஸ்ல இந்த புக் வரும், நீ படிப்பேன்னு தெரியும். நான் கை தூக்கினேன்டா. நீ சொன்னதுதான் சரின்னு தெரிஞ்சே தூக்கினேன். தூக்கலைன்னா அடுத்த முத்திரை எனக்குன்னு பயம்.

ஸாரி. அந்த நாரத்தங்காய் இன்னும் மிச்சம் இருக்கா? ஞாயித்துக்கிழமை தயிர்சாதத்தோட வர்றேன்.